அப்பாவின் இடக்கை

அப்பாவின் வலக்கை விழுந்துபோன பிறகுதான் நான் படிக்கப் போனேன். அதற்கு முன்னால் படிப்பு என்பது ஊரில் ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன ஒன்று. எங்கள் பள்ளிக்கூடத்தில் அகதிகள் வந்து தங்கினார்கள். பிறகு நாங்களே அகதிகளாக இன்னொரு பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினோம். பிறகு கொழும்பு, பிறகு ஆக்லாந்து. படிப்பை நிறுத்து என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. திரும்பத் தொடங்கு என்றும் யாரும் சொல்லவில்லை.

அப்பா விரி என்ற இடத்தில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை செய்தார். ஒரு நாள் கையிலிருந்த பெட்டி நழுவி விழுந்திருக்கிறது. அதை எடுக்கக் குனிந்தவர் எழும்பவில்லை. ஸ்ட்ரோக் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து எப்சம் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு வந்தபோது வலக்கால் இழுத்தது. பேச்சு கொஞ்சம் குழறியது. வலக்கை தோளிலிருந்து ஈரத் துணி மாதிரித் தொங்கியது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அப்பா, அம்மா, நான். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. டெயரி என்கிற தெருமுனைக் கடையில் பாலும் பாணும் விற்றுக்கொண்டிருந்தேன்.

வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வருவார். ஒக்கியுபேஷனல் தெரப்பிஸ்ட் என்று தன்னைச் சொன்னார். அந்தப் பெயர் அம்மாவின் வாயில் நுழையவில்லை. "கைக்கார மிஸ்" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டா. அவர் மருந்து தரமாட்டார், ஊசி போடமாட்டார். சட்டையை ஒரு கையால் எப்படிப் போடுவது, கதிரையிலிருந்து எப்படி எழும்புவது, இதுதான் அவர் வேலை. விழுந்த கைப்பக்கத்தை முதலில் சட்டைக்குள் விடவேண்டும் என்று காட்டித் தந்தார். அன்றைக்கு அப்பா தானே சட்டை போட்டார். பொத்தான் எல்லாம் தப்புத் தப்பாகப் பூட்டியிருந்தது. அதோடு கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். இப்படியொரு வேலை உலகத்தில் இருக்கிறதென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்த வேலைக்கு நானும் போகலாமா என்று என் உடைந்த இங்கிலீஷில் அவரைக் கேட்டேன். சிரிக்கவில்லை. இருபது வயது தாண்டினால் யூனிவர்சிற்றியில் பள்ளிக்கூடச் சான்றிதழ் இல்லாமலும் சேர முடியும் என்றார். முதலில் ஒரு வருடம் சைக்கோலஜி பேப்பர்களை, அதாவது பாடங்களை, எடுத்துப் பாஸ் பண்ணினால், தெரப்பிப் படிப்பில் முதல் வருடத்தைத் தாண்டி நேராக இரண்டாம் வருடத்துக்கே எடுப்பார்களாம். குறுக்கு வழி. எனக்கு அவசரம் இருந்தது. கைக்கார மிஸ் வராத ஆறு நாளும் அப்பாவுக்குப் பக்கத்தில் அந்த வேலை தெரிந்த ஆள் ஒன்று இருக்கவேண்டும் என்று நினைத்தேன். அந்த ஆள் நான்.

ஏனென்றால் அப்பா எல்லாம் செய்தார், சாப்பாடு மட்டும் சாப்பிடவில்லை. தன் கையால் சாப்பிடவில்லை என்று சொல்கிறேன். அம்மாதான் குழைத்துத் தீத்திவிட்டா. அம்மா தீத்தும்போது அப்பா கண்ணை மூடிக்கொள்வார். வாயை மட்டும் திறப்பார். அந்த முகத்தை நான் பார்க்காமல் குசினிக்குள் போய்விடுவேன். அப்பா ஒரு நேரச் சோற்றைக் கண்ணைத் திறந்துகொண்டு, தானே சாப்பிடவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கைக்கார மிஸ் தடித்த பிடி வைத்த கரண்டி ஒன்றைக் கொண்டுவந்து அப்பாவின் இடக்கையில் வைத்தார். அப்பா அதை மேசையில் திருப்பி வைத்தார்.

"ஏலாது எண்டு சொல்லு பிள்ளை."

"ஏனெண்டு அவ கேப்பா, அப்பா. என்ன சொல்லுறது?"

"உள்ளதைச் சொல்லு. எனக்கு இருக்கிறது இப்ப ஒரு கை. காலமை கக்கூஸில கழுவுறதும் அந்தக் கைதான். அந்தக் கையைத் திருப்பி வாய்க்குள்ள வைக்கச் சொல்லுறாவோ?"

காது சூடாக, நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் கை சுத்தம்தானே என்று மெதுவாகச் சொன்னார். அதைத் தமிழில் அப்பாவுக்குச் சொன்னேன்.

"சவர்க்காரம் போட்டால் இடக்கை சோத்துக்கையா மாறுமோ எண்டு கேள்."

அதை நான் கேட்கவில்லை. கரண்டி மேசையிலேயே கிடந்தது.

மார்ச்சில் யூனிவர்சிற்றியில் வகுப்பு தொடங்கியது. அவ்வளவு பெரிய மண்டபத்தை நான் சினிமாத் தியேட்டராகத்தான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் எழுதினார்கள். நான் எதை எழுதுவது என்று தெரியாமல் பக்கத்துப் பெண் எழுதுவதைப் பார்த்து எழுதினேன். வீட்டுக்கு வந்து அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தோடு இரண்டு மணித்தியாலம் மல்லுக்கட்டுவேன். முதல் கட்டுரை சிவப்பு மையோடு வந்தது. பஸ்ஸில் அதை மடித்து மடித்துச் சின்னதாக்கிக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு வந்தேன்.

ஒன்று மட்டும் விளங்கியது. எலி. அமத்துகிற கம்பி ஒன்று வைத்த பெட்டிக்குள் எலியை விடுகிறார்கள். அது தற்செயலாகக் கம்பிப் பக்கம் திரும்பினால் ஒரு துணுக்குச் சாப்பாடு கொடுக்கிறார்கள். கிட்டப் போனால் இன்னொன்று. தொட்டால் இன்னொன்று. கடைசியில் எலி தானே கம்பியை அமத்தப் பழகிவிடுகிறது. இதைக் கேட்டபோது எனக்கு மேசையில் கிடந்த கரண்டி ஞாபகம் வந்தது. அன்று பின்னேரமே அப்பாவின் முன்னால் கரண்டியை வைத்து, பக்கத்தில் அவருக்குப் பிடித்த பயத்தம் பணியாரத்தை உடைத்துத் துண்டுகளாக வைத்தேன். அவர் கரண்டியைப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்து அவர் வாயில் வைத்தேன்.

"என்னடி இது?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். எலி, பெட்டி, கம்பி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் எலியோ?"

"அப்பிடியில்லை அப்பா..."

"இஞ்சாரும்!" குசினிப் பக்கம் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார். "உம்மட மகள் யூனிவர்சிற்றிக்குப் போய் என்னை எலியாக்கிப்போட்டாள். வந்து பாரும்."

அம்மா அகப்பையோடு ஓடிவந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தா. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. ஸ்ட்ரோக் வந்த பிறகு அம்மா சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சரி," என்றார் அப்பா. "உந்த எலியளுக்குச் சோத்துக்கை, இடக்கை எண்டு இருக்கோ? நாளைக்குக் கேட்டுக்கொண்டு வா."

உண்மையாகவே கேட்டேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு விரிவுரையாளரிடம் போய்க் கேட்டேன். அவர் இதைப் பகிடியாக எடுக்கவில்லை. ஓம், எலிகளும் ஏதோ ஒரு முன்னங்காலைத்தான் கூடுதலாகப் பாவிக்கும் என்றார். வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"பாத்தியே, எலிக்கும் மானம் இருக்கு," என்றார். அதோடு கண்ணை மூடிக்கொண்டு அம்மாவுக்கு வாயைத் திறந்தார்.

கணக்கை மாற்றியது அம்மா. ஜூன் மாதம், இங்கே குளிர் காலம். ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா சோறு குழைத்துக்கொண்டிருந்தா. திடீரென்று கையை நிறுத்தினா.

"இஞ்சாருங்கோ. நான் ஒண்டு சொல்லுறன். கோவிக்கக்கூடாது."

"சொல்லும்."

"நாளையில இருந்து கக்கூஸில கழுவுறதை நான் பாக்கிறன். அந்தக் கை அங்கால போகத் தேவையில்லை. அந்தக் கையைச் சோத்துக்கு விடுங்கோ."

நான் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன். ஒரு ஆம்பிளைக்கு, அதுவும் அப்பாவுக்கு, எது பெரிய வெட்கம் என்று எனக்குத் தெரியாது. மனைவி கழுவிவிடுவதா, மனைவி தீத்திவிடுவதா? அப்பா அதை யோசித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அம்மா சோற்றுக் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தா.

"உமக்கு அருவருப்பா இருக்காதோ?"

"பிள்ளைக்குக் கழுவேல்லையே? விசர்க்கதை கதைக்காதேங்கோ."

மூன்று நாள் அந்தப் பேச்சே இல்லை. நான்காம் நாள் அப்பா குளித்துவிட்டு வந்து இருந்தார். இடக்கையை நீட்டினார். அம்மா மஞ்சள் தண்ணீர் வார்த்துக் கழுவித் துடைத்துவிட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் திருநீறு பூசினா. அப்படி ஒரு சடங்கு எங்கும் கிடையாது. அம்மா தானாக உண்டாக்கியது. பிறகு சோற்றையும் பருப்பையும் முன்னால் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. பார்த்தால் அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று. நான் கதவு நீக்கலால் பார்த்தேன். விரல்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. சோறு மடியில் கொட்டியது. தாடியில் பருப்பு. கண் திறந்திருந்தது.

கைக்கார மிஸ்ஸிடம் இதைச் சொன்னபோது அவர் சந்தோஷப்படவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. தன் முறைப்படி ஒரு ஆள் கக்கூஸுக்குத் தானே போய்வருவதுதான் முதல் படி, நீங்கள் அதை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள் என்றார். இப்படியே குனிந்தால் அம்மாவின் நாரி போய்விடும் என்றும் சொன்னார். அது சரிதான், அம்மாவுக்கு இன்றைக்கும் நாரி நோகிறது. ஆனாலும் எங்கே கால் வைத்து எப்படி நின்றால் முதுகு நோகாது என்று அம்மாவுக்குக் காட்டித் தந்துவிட்டுத்தான் போனார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அப்பா தன் கையால் சாப்பிட்டார். மீன்முள் எடுக்கப் பழகினார். "வடிவாத் தின்னுறன் என்ன?" என்று என்னைக் கேட்பார். நான் சைக்கோலஜி பேப்பர் ஒன்றில் பாஸ் பண்ணினேன். இரண்டாவதிலும் மட்டுமட்டாகப் பாஸ். அந்த மாதங்களில் எனக்கு ஒரு பயமும் இருக்கவில்லை. அதுதான் இப்போது என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

செப்டெம்பரில் ஒரு காலை, அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு இரண்டாம் தடவை ஸ்ட்ரோக் வந்தது. நான் பஸ்ஸில் இருந்தேன். வகுப்புக்குப் போய் முன் வரிசையில் இருந்து மூளையின் படம் ஒன்றை நோட்டில் வரைந்தேன். அலுவலகத்துப் பெண் வந்து என்னை வெளியே கூப்பிட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போக அப்பா முடிந்துபோயிருந்தார்.

இங்கே பியூனரல் பார்லரில் தரையெல்லாம் கம்பளம். கொட்டுகிற அரிசிக்காக ஒரு துணியை விரித்துத் தந்தார்கள். வாய்க்கரிசி போட வரிசையில் நின்றோம். அவருடைய வாயில் இனி யாரும் சோறு வைக்கவேண்டியதில்லை என்று அவ்வளவு பாடுபட்டோம். ஆள் ஆளாக வந்து வைத்தார்கள். அம்மா வைத்தா. நானும் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பிறகு இரண்டு மாதம் நான் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்ல முடியாது. சோதனை எழுதினேன், பாஸ் என்று வந்தது. தெரப்பிப் படிப்புக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். குறுக்கு வழியால் வந்துவிட்டேன். அந்தப் பக்கம் அப்பா இல்லை. போகாமல் விட யோசித்தேன். அம்மாவாவது போ என்று அதட்டுவா என்று எதிர்பார்த்தேன்.

"விட்டிட்டுக் கடை வேலைக்கே போறதெண்டால் போ பிள்ளை," என்றா அம்மா. "நான் ஒண்டும் சொல்லமாட்டன். எனக்குச் சொல்லுறதுக்கு ஒண்டும் இல்லை."

அம்மாவின் குரலில் ஒன்றுமே இல்லை. அந்த வீட்டில் பகல் முழுக்க இருக்க எனக்குப் பயமாக இருந்தது. அதனால்தான் நேர்முகத்துக்குப் போனேன். தைரியத்தால் இல்லை. ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறாய் என்று கேட்டார்கள். அப்பாவுக்காக என்று தொடங்கி அதற்கு மேல் சொல்ல முடியாமல் அழுதேன். ஒருவர் தண்ணீர் தந்தார். இடம் கிடைத்தது.

இரண்டாம் வருட வகுப்பு தொடங்கிய முதல் வாரம், ஆசிரியை எல்லோருக்கும் முக்கோணத் துணி ஒன்று கொடுத்தார். வலக்கையை மடித்து நெஞ்சோடு கட்டிக்கொள்ளுங்கள், மத்தியானம் வரை அவிழ்க்கக்கூடாது, சாப்பாடும் அப்படியேதான் என்றார். வகுப்பில் ஒரே சிரிப்பு. ஒருத்தி கோப்பியை மேலே ஊற்றிக்கொண்டாள். எல்லோரும் சான்ட்விச் கொண்டுவந்திருந்தார்கள். அதை இடக்கையால் தின்பது அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை.

என் டப்பாவில் அம்மா கட்டித் தந்த சோறும் கத்தரிக்காய்க் கறியும் இருந்தன. கரண்டியும் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை. இடக்கையைச் சோற்றுக்குள் விட்டேன். பிறந்ததிலிருந்து செய்யாதது. உடம்பு கூசியது. விரல்களைச் சேர்த்தால் பெருவிரல் வரவில்லை, பெருவிரல் வந்தால் சோறு நிற்கவில்லை. வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனபோது கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது, மற்றதெல்லாம் மடியில்.

அப்பா இதை எங்களுக்கு முன்னால் செய்தார். ஒவ்வொரு நாளும் செய்தார். எனக்கு அழுகை வந்தது, வாயில் சோறு இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஆசிரியை பக்கத்தில் வந்து குனிந்தார். கஷ்டமாக இருந்தால் கட்டை அவிழ்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்து வெளியே வெயிலுக்குப் போனார்கள். நான் மடியில் விழுந்த சோற்றைப் பொறுக்கி மூடியில் போட்டுவிட்டு அடுத்த பிடியை எடுத்தேன். அதுவும் கொட்டியது. டப்பாவில் பாதிக்கு மேல் இன்னும் இருந்தது. தின்றுகொண்டே இருந்தேன்.