லாடம் பொறித்த கேடயம்

சென்ற வாரம் பழங்காநத்தத்தில் ஒரு காதுகுத்து ஃபிளெக்ஸ் பார்த்தேன். இரண்டு சிங்கங்கள், நடுவில் கேடயம், அதற்குள் குதிரை லாடம். லாடத்தின் உச்சியில், சிலுவை இருக்க வேண்டிய இடத்தில், வேல். கீழே ‘மன்னர் பரம்பரை’. அழைப்பவர் என் முதல் டீம் லீடர் பாஸ்கர் அண்ணன். காது அவர் மகனுடையது. கேடயம் மட்டும் போலந்துக்காரர்களுடையது. எனக்கு அதை நன்றாகவே தெரியும்.

ஃபிளெக்ஸ் மை வாடை அடித்தாலே அந்த அலுவலகம் நினைவுக்கு வந்துவிடும். கீழே ஃபிளெக்ஸ் அச்சகம், மாடியில் நாங்கள். பொறியியல் படித்துவிட்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு வம்சாவளி தயாரித்துக்கொண்டிருந்தோம். ஜகூர்ஸ்கி என்றொரு அமெரிக்கப் பெரியவர், தன் முன்னோர் போலந்துப் பிரபுக்களா என்று கேட்டிருந்தார். கேள்வி ஒப்புக்குத்தான், பிரபுக்களின் குலச்சின்னமான அந்த லாடக் கேடயத்தின் படத்தையும் அவரே அனுப்பிவிட்டார்.

‘மலைக்குப் பின்னால் உள்ள ஊர்க்காரர்’ என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். போலந்தில் அப்படிப்பட்ட ஊர்களுக்குப் பஞ்சமில்லை. என் வழக்கப்படி பட்டியல் போட்டேன்: ஊரை ஆண்டவர்கள், ஊரில் உழுதவர்கள், ஊரைவிட்டு ஓடியவர்கள். எல்லோரும் ஜகூர்ஸ்கிதான். நம் பக்கத்துப் புதுப்பட்டிக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே ராஜாவின் பேரன்கள் என்றால் எப்படி இருக்கும்?

பட்டியலோடு என் பங்கு முடிந்தது; வம்சாவளியைப் போட்டவள் பக்கத்து நாற்காலி பாண்டிச்செல்வி. சோழவந்தான்காரி. வேலை நிரந்தரமாகாவிட்டால் அத்தை மகனுக்குக் கட்டிவைப்பதாக வீட்டில் சொல்லியிருந்தார்கள். இந்த வம்சாவளி தேறினால் நிரந்தரம். அவளோ பெரியவரின் கொள்ளுத்தாத்தாவையும் கொள்ளுப்பாட்டியையும் அண்ணன் தங்கையாக்கிவிட்டாள்.

“ஏம்மா, அவுக புருசன் பொஞ்சாதிம்மா!” பாஸ்கர் அண்ணன் தலையில் கைவைத்தார்.

“ரெண்டு பேருக்கும் பொறந்ததுலருந்தே ஒரே குடும்பப் பேருண்ணே. பங்காளிக்குள்ள எப்பிடிக் கட்டுவாக?”

“பேருதான் ஒண்ணு. ஊரு வேற, சனம் வேற. திருத்து.”

திருத்தப் போன இடத்தில் கொள்ளுத்தாத்தாவின் தொழில் அகப்பட்டது. பிரபுவின் லாயத்தில் குதிரைக்கு லாடம் அடித்தவர். அண்ணன் அசரவில்லை.

“கேடயத்துலயும் லாடந்தான இருக்கு? போட்டு அனுப்பு.”

“அண்ணன் தங்கச்சின்னு தெரியாமப் போட்டேண்ணே. இதத் தெரிஞ்சே எப்பிடிப் போட?”

“அப்ப அத்த மகன வரச் சொல்லு.”

செல்வி கணினியை அணைத்தாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, “வாரேண்ணே” என்று இறங்கிப் போனாள். அடுத்த முகூர்த்தத்துக்கே பத்திரிகை வந்தது. கேடயத்தை அண்ணனே ஒட்டி அனுப்பினார். ஜகூர்ஸ்கி ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்.

இப்போது அந்த மாடியில் மெத்தைக் கடை. வம்சாவளியை மென்பொருளே போட்டுத் தருகிறதாம். அதற்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கிப் போகத் தெரியாது.

பாஸ்கர் அண்ணனின் தாத்தா கொட்டாம்பட்டிச் சந்தையில் மாட்டுக்கு லாடம் அடித்தவர். டீ குடிக்கும்போது அண்ணனே சொல்வார்: “எங்க தாத்தா அடிச்ச லாடம் மதுர போயித் திரும்புனாலும் அசையாது.” அம்புட்டுப் பெருமை அந்தக் குரலில்.

ஃபிளெக்ஸ் இதற்குள் ஏதாவது டீக்கடைக்குக் கூரையாகியிருக்கும். காது குத்திக்கொண்ட பையனுக்கு ஒரு மன்னர் கிடைத்துவிட்டார். லாடம் அடித்த தாத்தாதான் இனி இல்லை.