பின்னால் நிற்கச் சொன்ன குரல்

வெளிநாட்டில் இருக்கும் என் மகன் ஓய்வு நேரமெல்லாம் ஓர் ஆன்லைன் விளையாட்டில்தான் இருப்பான். அங்கே போனாலாவது அவனோடு இருக்கலாமே என்று, அவனுக்குத் தெரியாமல் நானும் அதைக் கற்கத் தொடங்கினேன். புதியவர்களுக்கு உதவ அங்கே சிலர் உண்டு. எனக்கு வாய்த்தவருக்குத் திரையில் கொம்பு வைத்த ராட்சச உருவம். ஹெட்போனில் கேட்டதோ எங்கள் திருவனந்தபுரத்துத் தமிழ் பேசும் ஒரு பெண்ணின் குரல். நான் செத்து விழும்போதெல்லாம் அந்த ராட்சசர் திரும்பி வந்து, எழும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

காயம்பட்டவர்களைக் குணமாக்கும் வைத்தியர் வேடம் எனக்கு. நானோ தடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவேன்.

"மாமா, வைத்தியரே சண்டைக்குப் போனா நாங்க யார்ட்ட போறது? பின்னாடி நின்னா மதி, அது போறும், கேட்டேளா!"

ஒருநாள் குகைக்குள் பெரிய சண்டை. நடுவில் மகன் போனில் அழைத்தான். அவன் அழைப்பது அபூர்வம். யாரிடமும் சொல்லாமல் விளையாட்டை அப்படியே விட்டுவிட்டுப் பேசினேன். திரும்பி வந்தபோது எங்கள் கூட்டமே செத்துக் கிடந்தது. மற்றவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள். அவர் மட்டும் போகவில்லை.

"கரண்ட் போயிடுத்தும்மா" என்று பொய் சொன்னேன்.

"சாரமில்லை மாமா, போனாப் போறது. கரண்ட் வரும். லீவு கிடைச்சா மகனும் வருவார்."

எனக்கு மகன் இருப்பதையே நான் அவரிடம் சொன்னதில்லை. அப்போதுதான் மைக்கை அணைக்காமல் விட்டிருந்ததைப் பார்த்தேன். "இந்த வருஷமாவது வாடா" என்று நான் கெஞ்சியதை எல்லாம் கேட்டிருக்கிறார்.

வெட்கத்தில் மன்னிப்புக்கூடக் கேட்காமல் வெளியேறினேன். பிறகு பலமுறை போய்த் தேடியும் அவரைக் காணவில்லை. யாராவது கூப்பிட மாட்டார்களா என்றிருக்கும் மாலைகளில், இப்போதெல்லாம் மகனின் குரலுக்கு முன்னால் அந்தக் குரல்தான் நினைவுக்கு வருகிறது.