ஆடியில் மாற்றிய மாலைக்கு ஒரு வக்கீல்

மகளுக்கு இத்தாலி விசா மறுக்கப்பட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வந்தது: வக்கீல் வைப்பதா, வேண்டாமா? மருமகன் அந்நாட்டின் வடபகுதியில் ஒரு தொழிற்கூடத்தில் வேலை செய்கிறார். மனைவியை அழைத்துக்கொள்ள அங்கே அனுமதியும் வாங்கியிருந்தார். அந்த அனுமதிக்குக் கெடு உண்டு. அதற்குள் விசா கிடைக்காவிட்டால் அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மகள் இன்னும் எத்தனை காலம் காத்திருக்க நேரும் என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

மறுப்புக்குக் காரணம் எங்கள் வழக்கமே. மருமகனின் தொழிற்கூடத்துக்குக் கோடை விடுமுறை வருவது நமது ஆடியில். ஆடியில் எங்கள் பக்கம் தாலி கட்டுவதில்லை. ஆனால் திருமணச் சான்றிதழ் இருந்தால்தான் அங்கே மனுச் செய்ய முடியும். ஆகவே அந்த ஆடியில் இருவரும் உறவினர் சிலர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தார்கள். அவர் இத்தாலிக்குத் திரும்பினார்; மகள் எங்கள் வீட்டுக்குத் திரும்பினாள். தையில் அவர் மறுபடி வந்து செட்டிகுளம் மலைக்கோயிலில் தாலி கட்டினார். பத்திரிகை அடித்ததும் பந்தி போட்டதும் அதற்குத்தான்.

விசா அலுவலகத்தார் தொலைபேசியில் அழைத்துக் கல்யாணம் எப்போது நடந்தது என்று கேட்டபோது, மகள் சற்றும் தயங்காமல் தை மாதத்து நாளைச் சொன்னாள். சான்றிதழில் இருந்ததோ ஆடி மாதத்து நாள். இந்தத் திருமணம் மெய்தானா என்று ஐயுறுவதாக எழுதி, மறுத்துவிட்டார்கள்.

பெரம்பலூரில் ஒரு பயண முகவரிடம் முதலில் போனோம்.

"இதெல்லாம் ஒரு விஷயமா சார்? கோயில்ல நடந்தது வெறும் ரிசப்ஷன்னு எழுதிக் குடுத்துருவோம். மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார் அவர்.

"தாலி கட்டுனது ரிசப்ஷனாங்க?" என்றாள் மகள். "அப்ப உங்க வூட்டுக் கல்யாணத்துல எதைங்க கட்டுவீங்க?"

அவர் சிரித்தார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

அன்று மாலை மருமகன் பேசினார். "இங்க ஒரு வக்கீலைப் பாத்தேன் மாமா. கேஸ் போட்டா ஜெயிக்கலாங்கிறார். எப்ப முடியும்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கிறார்." அவர் குரலில் இருந்த களைப்பு என்னுடையதைப் போலவே இருந்தது.

மறுநாள் எங்கள் ஊரான குன்னத்திலிருந்து மூவரும் அரியலூருக்குப் பஸ் ஏறினோம். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. என் மனைவி வழி முழுவதும் கண்களை மூடியபடியே இருந்தாள், உறங்கவில்லை. அரியலூரில் நாங்கள் பார்த்த வழக்கறிஞர் நடுவயதுப் பெண். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"கேஸ்னா அங்க உள்ள வக்கீல்தான் சார் நடத்தணும், நான் அங்க போயி நிக்க முடியாது. ஆனா உங்களுக்கு இப்ப கேஸ் தேவையில்லை. நாலு பேரு முன்னால மாலை மாத்துனதே சட்டப்படி கல்யாணந்தான். தையில நடந்தது சடங்கு. ரெண்டையும் மறைக்காம எழுதி, பெத்தவங்க உறுதிமொழிப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுப் புதுசா மனு குடுங்க. அதுக்கப்புறமும் மறுத்தா, அப்ப அந்த வக்கீலை வெச்சுக்கலாம்."

எனக்கு மூச்சு வந்தது. மனைவிக்கு வரவில்லை.

"ஆடியில கல்யாணம் பண்ணிக் குடுத்தேன்னு நானே கையெழுத்துப் போடணுமா?"

"நடந்ததைத்தானேம்மா எழுதுறோம்."

"என்ன நடந்துச்சு? மாலை மாத்துனாங்க, அவ்வளவுதான். ஆடியில எவளாச்சும் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணுவாளா? நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலின்னாக்கூட ஊரு என்னையத்தான் கேக்கும். கேஸே போட்டுருவோங்க. எத்தனை வருஷம் ஆனாலும் ஆவட்டும்."

"வருஷக்கணக்கா உக்காந்திருக்கப் போறது நீயில்ல, நான்" என்றாள் மகள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "அம்மா, ஊருக்கு யாரு சொல்லப் போறா? இத்தாலிக்காரனுக்கு மட்டுந்தாம்மா தெரியும்."

வழக்கறிஞருக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டார். அவர் பத்திரத்தைத் தட்டச்சுச் செய்து நீட்ட, நான் முதலில் கையெழுத்திட்டேன். மனைவி மகளின் முகத்தைப் பார்த்தாள். பின்னர் பேனாவை வாங்கி, எழுத்தைப் பார்க்காமலே கையெழுத்திட்டாள்.

விசா அலுவலகத்தார் மீண்டும் அழைத்தார்கள். இம்முறை மகள் இரண்டு நாள்களையும் சொன்னாள். ஆடியில் ஏன் தாலி கட்டுவதில்லை என்பதையும் பொறுமையாக விளக்கினாள். கெடு முடிவதற்குள் விசா வந்தது. அவளைத் திருச்சியில் விமானம் ஏற்றிவிட்டு வந்து, நானும் மனைவியும் பகல் முழுவதும் உறங்கினோம்.

அடுத்த ஆடியில் ஒருநாள் மகள் அங்கிருந்து அழைத்தாள். இன்று கல்யாண நாள் என்று மருமகன் கேக் வாங்கி வந்திருப்பதாகச் சொன்னாள். நான் வாழ்த்திவிட்டுத் தொலைபேசியை மனைவியிடம் கொடுத்தேன்.

"கேக்கைத் தின்னுங்க" என்றாள் அவள். "வாழ்த்து தையில சொல்றேன்."