லக்ஷனா சொன்ன ஓம்

லக்ஷனாவுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. மெத்ரோவில் இருக்கை காலியாகக் கிடந்தாலும் கதவோரம் நின்று காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். ஒரு வேலையில் நாற்காலி சூடேறுவதற்குள் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிடுவாள். அவளைப் பெற்ற ஜெகதீஸ்வரியோ பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சேலைக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரித்து மடிப்பவர். வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு ஏவல் சொல்லத் தொடங்குவார். பிரெஞ்சில் பதில் சொன்னால் காது கேளாதவர் போல இருந்துவிடுவார்.

"லக்ஷனா, உடுப்பை மடிச்சு வை."

"ஓம் அம்மா."

"அந்த மாப்பிள்ளைப் பெடியன்ரை படத்தை ஒருக்காப் பாரன்."

"ஓஓம் அம்மா!"

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு ஆமென்பது ஓம்தான். ஆனால் இவள் வாயிலிருந்து வரும் ஓம் இருக்கிறதே, கதவை அறைந்து சாத்துவது போல இருக்கும்.

2009இல் அந்தச் சொல்லையே அவள் பாட்டாக்கினாள். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு தொலைபேசிக் கடையில் நின்ற பிருந்தாபனிடம் பழைய சிந்தசைசர் ஒன்று இருந்தது. பாண்டிச்சேரிக் குடும்பத்து லூடோவிக்கிடம் டிரம் மெஷின் இருந்தது. எண்பதுகளில் பிரெஞ்சுப் பிள்ளைகள் கறுப்புச் சட்டையும் கண்மையுமாக ஆடிய நியூ வேவ் இசைமேல் மூவருக்கும் பைத்தியம். அந்த வசந்தம் முழுக்க, ஈழத்தில் போரை நிறுத்தச் சொல்லி, ஊர்வலங்களில் தொண்டை கிழியக் கத்தியவர்கள்தாம். மே மாதத்தில் எல்லாம் முடிந்துபோன பிறகு வீடுகளில் பேச்சே நின்றுபோனது. பெரியவர்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் இடிந்துபோய் இருந்தார்கள். இந்த நேரத்தில் பாட்டுக் கேட்கிறதோ என்று யாராவது ஏசிவிடுவார்கள் என்ற பயத்தில் மூவரும் ஒளித்து ஒளித்துப் பாடிப் பழகினார்கள். ஜெகதீஸ்வரியிடம் லக்ஷனா இதைப்பற்றி மூச்சு விடவில்லை.

பாட்டில் சொற்கள் சொற்பம். ஓம் அம்மா, ஓம் அப்பா, ஓம் ஐயா, அவ்வளவுதான். பணிவாகத் தொடங்கிப் போகப்போக வேகம் ஏறி, கடைசியில் அந்த ஓமே 'மாட்டேன்' என்று ஒலிக்க வேண்டும். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அந்த மாட்டேனைக் கேட்டுவிட வேண்டும். லக்ஷனாவுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

குழுவுக்கும் 'ஓம்' என்றே பெயர் வைத்தார்கள். அங்கேதான் பிசகினார்கள். பிரெஞ்சு எழுத்தில் ஓ-எம் என்று பெரிதாக அச்சடித்து ஒட்டிய போஸ்டர்களில் பாதியைப் பாரிஸ் கால்பந்து ரசிகர்கள் கிழித்தெறிந்தார்கள். அது அவர்களுடைய பரம எதிரியான மார்செய் குழுவின் சுருக்கப் பெயராம்! மிச்சப் பாதியைப் பார்த்து மார்க்ஸ் டோர்மோய் பக்கத்து மதுக்கடையின் நிலவறையில் நடந்த கச்சேரிக்கு வந்தவர்கள் யோகா பழகுகிறவர்கள், பாயும் கையுமாக. லக்ஷனா நரம்பு புடைக்கக் கத்தினாள். அவர்கள் சம்மணம் கட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். முடிவில் ஒரு பெண்மணி ஈரக் கண்களோடு வந்து, மனம் அமைதியாகிவிட்டது என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அமைதியாம், அமைதி! மைக்கைத் தூக்கி எறியலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"நான் சாமி கும்பிடேல்லை, ஏசினனான்!" என்று குமுறினாள்.

"விடும் லக்ஷனா, கை தட்டினவையெல்லே," என்றான் பிருந்தாபன்.

"பேரை மாத்திடுவோம். எங்க வீட்ல சொல்ற மாதிரி 'ஆமா'ன்னு வச்சா வம்பே இல்ல," என்றான் லூடோவிக். அவள் பார்த்த பார்வையில் அவன் வயர்களைச் சுருட்டப் போய்விட்டான்.

ஒரே ஒரு இசைத்தட்டு வந்தது. குழு அடுத்த குளிர்காலத்தைத் தாண்டவில்லை. லூடோவிக் பரீட்சை எழுதி அரசாங்க வேலைக்குப் போனான், பிருந்தாபன் லண்டனுக்குப் போனான். லக்ஷனா வேலை வேலையாக மாறிக்கொண்டிருந்தாள்.

பல ஆண்டுகள் கழித்து, பழைய தட்டுகள் சேர்க்கும் ரொபேர் என்பவர் எங்கேயோ அந்தத் தட்டைக் கண்டெடுத்து இணையத்தில் ஏற்றினார். யோகா வகுப்புகள் அதைப் பிடித்துக்கொண்டன. அங்கிருந்து வாட்ஸ்அப் வழியாக லா சப்பலுக்கே வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மளிகைக் கடைகள் அதைப் போட்டுச் சாம்பிராணி காட்டின. ஓம் அம்மாவென்றால் அம்மன், ஓம் அப்பாவென்றால் சிவன். யாருக்குச் சந்தேகம் வரப்போகிறது?

"அண்ணை, இது சாமிப் பாட்டில்லை. நான்தான் பாடினனான்," என்று ஒரு கடைக்காரரிடம் போய் நின்றாள்.

"பகிடி விடாதையும் பிள்ளை. எவ்வளவு பக்தியான குரல்!" என்றார் அவர்.

தேர்த்திருவிழாவன்று தாயும் மகளும் தண்ணீர்ப்பந்தலில் நின்று மோர் வார்த்தார்கள். தெருவெல்லாம் சிதறிய தேங்காய். திடீரென்று ஒரு கடையின் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு எழுந்தது. சனம் கைகூப்பியது. லக்ஷனா பல்லைக் கடித்துக்கொண்டு குவளைகளை அடுக்கினாள். ஜெகதீஸ்வரியின் கை அப்படியே நின்றது. பாட்டு முடியும்வரை அவர் அசையவில்லை.

"இது சாமிப் பாட்டில்லையே," என்றார்.

லக்ஷனா குவளையை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இந்த 'ஓம் அம்மா' எனக்குத் தெரியாதோ? விடிஞ்சாப் பொழுதுபட்டா இதைத்தானே கேட்டனான். நீயெல்லே பாடினனி?" அவர் குரல் இறங்கியது. "என்னிலை உனக்கு இவ்வளவு கோவமோ, பிள்ளை?"

இத்தனை காலம் அவள் தேடிய அந்த ஒருவர் இதோ பக்கத்திலேயே நிற்கிறார். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். தாயின் உதடு நடுங்குவதைப் பார்த்தாள்.

"இல்லையம்மா," என்றாள். "சாமிப் பாட்டுத்தான்."