தலையெண்ணெய் வாசனை

ஜவ்வாது மலையில் எங்கள் பக்கத்துப் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்தவன் நான். ஃபியூஸ் போனாலும் மோட்டார் சுற்றாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திமிர்தான் அன்றைக்கு என்னை முட்டாளாக்கியது.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் மூன்று நாள் வேலூரில் டயாலிசிஸ். காலை பத்து மணிக்கு அவளுக்குப் படுக்கை. நேரம் தவறினால் அடுத்த ஆளைப் படுக்க வைத்துவிடுவார்கள். ஒரு முறை பஸ் வராமல் ஒரு நாள் தள்ளிப்போனது. அந்த ஒரு நாளில் அவள் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடி மூச்சுக்கு அலைந்ததைப் பார்த்த பிறகுதான் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன்.

அந்தக் காரில் ஒரு வாரமாகப் பேட்டரி இறங்கிக்கொண்டே இருந்தது. பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டினேன். எர்த் கம்பியை இறுக்கினேன். ஒவ்வொரு வயராக மீட்டர் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. அப்படியானால் பேட்டரிதான் செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, மச்சானுடைய பழைய பேட்டரியை வாங்கி மாட்டினேன். மாட்டும் அவசரத்தில், காரில் எப்போதும் வைத்திருக்கும் தண்ணீர்க் கேனைக் கீழே இறக்கியவன் திரும்ப ஏற்றவில்லை.

மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் காலை, அடிவாரத்து அமிர்திக்கு இறங்கும் மலைப்பாதையில் பாதி தூரத்தில் பேட்டரியின் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த வளைவில் ஹாரன் அடித்தேன், முனகியது. இஞ்சின் திக்கித் திணறியது. ஓரம் கட்டினேன்.

"இன்னாங்க ஆச்சு?"

"ஒன்னுமில்ல. இரு, பாக்கறேன்."

மணி ஏழரை. செல்போனில் சிக்னல் இல்லை. காலை பஸ் எங்களுக்கு முன்பே போயிருந்தது, அடுத்தது மதியம்தான். அவளுடைய பாதம் வீங்கிச் செருப்பு வார் பிதுங்கியிருந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கினாள்.

இஞ்சினை அணைக்காமலே மீட்டரை வைத்தேன். ஓடும்போது பதினாலு வோல்ட்டாவது காட்ட வேண்டும். பதினொன்றைக் காட்டி, அதுவும் இறங்கியது. பேட்டரி மேல் குற்றமில்லை. அதற்குச் சோறு போடவேண்டிய ஆல்டர்னேட்டர் போடவில்லை. இஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஆல்டர்னேட்டர் வயர்களை மறுபடியும் சோதித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. வியர்வை கண்ணில் வழிந்தது. காரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அவள் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல முன்னால் வந்தாள்.

"இன்னாங்க, என் தலையெண்ண வாசன வருது?"

"இப்ப அதான் முக்கியமா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் நகரவில்லை. "கரிசலாங்கண்ணி போட்டு நான் காச்சின எண்ணங்க. எனக்குத் தெரியாதா? பாட்டில்லயும் கொறஞ்சிருக்குது."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பத்து நாளைக்கு முன் விடியற்காலையில் காரைக் கிளப்பும்போதெல்லாம் ஆல்டர்னேட்டரைச் சுற்றவைக்கும் பெல்ட் கீச்சென்று கத்தியது. அவள் கண்ணயர்வதே அந்த நேரத்தில்தான். கதவுக் கீலுக்கு விடுவதுபோல அவள் பாட்டிலிலிருந்து பெல்ட்டில் எண்ணெய் ஊற்றினேன். சத்தம் நின்றது. அத்தோடு அதை மறந்தும் போனேன்.

ஆல்டர்னேட்டர் சக்கரத்தைக் கையால் திருப்பினேன். பெல்ட் அசையவே இல்லை. அதற்குள் சக்கரம் மட்டும் வழுக்கிக்கொண்டு சுற்றியது. தளர்ந்துவிட்டேன் என்றுதான் அது கத்தியிருக்கிறது. நான் அதன் வாயை அடைத்துவிட்டு, ஒரு வாரமாகக் கம்பியில் கோளாறு தேடியிருக்கிறேன்.

"நான்தான் ஊத்தினேன்" என்றேன். "கத்திச்சி. நீ தூங்கட்டும்னு..."

"சரி, கழுவுங்க" என்று ஆஸ்பத்திரிப் பையிலிருந்து சோப்பையும் துண்டையும் எடுத்தாள்.

தண்ணீர்? பள்ளத்து ஓடை காய்ந்து பாறையாகக் கிடந்தது. இருந்தது அவளுடைய அரை லிட்டர் பாட்டில் மட்டும். அதில் பேனாவால் கோடு போட்டிருப்பாள். ஒரு வேளைக்கு ஒரு கோடு. குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால் அடுத்த நாள் காலைவரை அவ்வளவுதான் அவளுக்கு. வெயிலில் நாக்கு ஒட்டினாலும் கோட்டைத் தாண்டமாட்டாள்.

"வேணாம், துண்டாலயே தொடச்சிப் பாக்கறேன்."

"தொடச்சா எண்ண போவுமா? கைய நீட்டுங்க." மூடியைத் திருகித் திறந்துவிட்டாள்.

பெல்ட்டைக் கழற்றிச் சோப்புப் போட்டேன். அவள் ஊற்ற ஊற்றக் கழுவினேன். முதல் கோடு போனது, இரண்டாவது போனது. சக்கரங்களையும் கழுவி முடித்தபோது பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஈரம் போகத் துடைத்து மாட்டி, வீல் ஸ்பானரால் ஆல்டர்னேட்டரை நெம்பிப் பெல்ட்டை விறைப்பாக்கி, போல்ட்டை முறுக்கினேன். ஸ்டார்ட்டரைச் சுற்றப் பேட்டரியில் தெம்பில்லை. அவளை ஏற்றிவிட்டு, கல்லை எடுத்து நானும் ஏறினேன். ஹேண்ட் பிரேக்கை விட்டதும் கார் சரிவில் உருண்டது. இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டதும் உதறிக்கொண்டு கிளம்பியது. சிவப்பு விளக்கு அணைந்தது.

கணியம்பாடியில் தண்ணீர் வாங்க வேகத்தைக் குறைத்தேன். "நிக்காதீங்க, நேரமாச்சி" என்றாள். உதடு வெடித்திருந்தது.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எடை மெஷினில் ஏறினாள். நர்ஸ் குறித்துக்கொண்டே சொன்னார்: "இன்னிக்கு எடை கொஞ்சம் கம்மியாதான் ஏறிக்கீது. தண்ணி அளவா குடிச்சீங்களாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"நான் எங்க குடிச்சேன்? இவரு காருதான் குடிச்சிது."