ஒச்சம்மாளின் இடது பெருவிரல்

எம்.ரெட்டியபட்டி ஒச்சம்மாளைப் பற்றி எழுதுகிறவன் அவளுக்கு நல்லது செய்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். 1947-இல் நான் அருப்புக்கோட்டையில் வக்கீல் ஞானராஜ் அவர்களிடம் குமாஸ்தா. என் பெயர் ஜான்ராஜ். எனக்கு வாய் நீளம், புத்தி அதைவிடக் குட்டை. அந்த வாயால்தான் அவள் கை வெந்தது.

முதலில் போனது கால். 1946 மாசியில், தன் காட்டில் எடுத்த பருத்தியைப் பொதியாகக் கட்டித் தலையில் வைத்து ரோட்டோரமாக வந்துகொண்டிருந்தாள். புருஷன் செத்த பிறகு அந்தக் கரிசலில் ஒற்றை ஆளாகப் பாடுபட்டுப் பிழைத்தவள். பருத்தி மண்டி முதலாளி சௌந்தரபாண்டியன், பட்டாளத்தார் ஏலம்விட்ட மோட்டார் சைக்கிளை அப்போதுதான் வாங்கியிருந்தான். ரோடே அவன் அப்பன் வீட்டுச் சொத்து என்ற நினைப்பு. பின்னாலிருந்து அடித்த அடியில் அவள் குப்புற விழ, வண்டி இடது காலில் ஏறி, சேலையோடு சேர்த்து இருபதடி இழுத்துக்கொண்டு போனது. முழங்காலுக்குக் கீழே எலும்பு சதையைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. சிதறிய பருத்தியெல்லாம் ரத்தம். சௌந்தரபாண்டியன் எழுந்து முதலில் தூக்கியது வண்டியைத்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் அவன் குரல்வளையைப் பிடிக்கத்தான் எனக்குக் கை வருகிறது.

மதுரை ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். அங்கே ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "கோர்ட்டு எதுக்கு? நான் பாத்துக்கிறேன்" என்று சத்தியம் செய்த சௌந்தரபாண்டியன், பத்து மாதம் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தான். ஒரு வருஷம் தாண்டினால் நஷ்டஈட்டு வழக்கே போட முடியாது என்பது அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. யாரோ சொல்லித்தான் கவைக்கம்பை ஊன்றிக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தாள். ஈடு கிடைத்தால் உழவுக்கு ஆள் வைத்துக் காட்டைக் காப்பாற்றலாம். கிடைக்காவிட்டால் காட்டை விற்றுத்தான் கஞ்சி. கெடுவுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது வழக்கைத் தாக்கல் செய்தோம்.

வக்கீல் ஐயா அவளிடம் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான். "இனிமே எந்தக் காகிதத்துலயும் கைநாட்டு வச்சிராதம்மா. ராஜியாப் போயிட்டேன்னு எழுதிக்கிட்டு வருவாங்க. வச்சா கேஸு செத்துச்சு."

வாசல்வரை வழியனுப்பப் போன நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். "அக்கா, போன காலைவிட இந்த இடது பெருவிரலுதான் இப்ப ஒசத்தி. தீயில வெந்தாலும் வேகட்டும், காகிதத்துல மட்டும் படக்கூடாது" என்றேன். சிரிக்கட்டுமே என்று சொன்னது. அவள் சிரிக்கவில்லை. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி தம்பி" என்றாள்.

பங்குனியில் ஒருநாள் உச்சிவேளை. ஊரே காட்டுக்குப் போயிருந்தது. ஒச்சம்மாள் பருத்திமாரை ஒடித்து அடுப்பில் திணித்துக் கம்பங்கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். மண்டியின் அடியாள் கருத்தப்பாண்டி இன்னொருவனைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தான். கையில் எழுதி முடித்த முத்திரைத்தாளும் மைப்பெட்டியும்.

"வைக்கமாட்டேன்" என்றாள்.

அவள் கவைக்கம்பைப் பிடுங்கி, அவள் முதுகிலேயே அடித்து முறித்தான் கருத்தப்பாண்டி. மற்றவன், வெட்டி ஆறிய கால் நுனியில் ஏறி மிதித்தான். விழுந்து கிடந்தவள் எட்டிக் கஞ்சிப்பானையை அவன் மேல் இழுத்துக் கவிழ்த்தாள். தொடை வெந்து அவன் அலறிக்கொண்டு வெளியே ஓடினான். கருத்தப்பாண்டி அவள் முடியைச் சுற்றிப் பிடித்து, இடது கையை முறுக்கி, விரலில் மையைத் தடவிவிட்டான். காகிதத்துக்கும் விரலுக்கும் ஒரு சாண்தான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பல்லோடு சதை வந்தது. பிடி விட்டதுதான் தாமதம், காகிதத்தை அள்ளி அடுப்புக்குள் போட்டு, அதன் மேலேயே விரலையும் வைத்தாள். வைத்ததை எடுக்கவில்லை. மை பொரிந்தது, பிறகு தோல்.

"இப்ப வந்து உருட்டுடா! ரேகை இருந்தா எடுத்துக்கடா!" என்று அவள் கத்திய கத்தலில் கருத்தப்பாண்டி ஓடியே போனான்.

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டார் அவளை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். "மொதல்ல சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. தேதி போட்டுச் சீட்டு வாங்கு" என்றார் வக்கீல் ஐயா. நான்தான் கூட்டிப் போனேன். டாக்டர் கருகிய தோலை வழிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "காகிதத்துல படலை, தம்பி."

வெளியே வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். அதனால் யாருக்கு என்ன லாபம்?

மறு வருஷம் விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, அவள் ராஜியாகிவிட்டதாக ஒரு முத்திரைத்தாளை நீட்டினார். அதில் அச்சடித்த மாதிரி இடது பெருவிரல் ரேகை! பின்னால் வெளிவந்த கதை இதுதான்: ஒற்றைக்கால் பொம்பளையிடம் கடிபட்டுத் தோற்றேன் என்று முதலாளியிடம் சொல்லக் கருத்தப்பாண்டியின் மீசை இடம் கொடுக்கவில்லை. மறுநாளே புதுத் தாள் வாங்கி, எவளுடைய விரலையோ உருட்டி, காரியம் முடிந்தது என்று கொடுத்திருக்கிறான். முதலாளியும் நம்பிவிட்டான்.

நீதிபதி கையைக் காட்டச் சொன்னார். ஒச்சம்மாள் துணிச்சுற்றைப் பிரித்தாள். நகமும் இல்லை, ரேகையும் இல்லை, கருத்துச் சுருங்கிய ஒரு முண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டில் தீப்புண்ணின் தேதி, முத்திரைத்தாள் விற்ற தேதிக்கு முந்தின நாள். நீதிபதி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெளித் தாழ்வாரத்தில் சௌந்தரபாண்டியன் கருத்தப்பாண்டியைச் செருப்பால் அடித்த சத்தம் உள்ளே கேட்டது. கேட்கச் சுகமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

காலுக்கு ஈடு கிடைத்தது. காடு தப்பியது. விரலுக்கும் ஈடு கேட்கலாம் என்று வக்கீலுக்கும் தோன்றவில்லை, வாய் நீண்ட எனக்கும் தோன்றவில்லை.

பணம் வாங்கும் நாளில் கோர்ட்டு குமாஸ்தா பேரேட்டைத் திருப்பி வைத்து, தலை நிமிராமல், "இடது பெருவிரல்" என்றார். அவள் கையைக் காட்டியதும், "சரி, வலதை வை" என்றார். மையைத் தொட்ட அவள் வலது விரல் காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பினாள்.

"இது படலாமா தம்பி?"

படலாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.