லாரிக் கதவில் எழுதியிருந்த எண்

எங்கள் ஊராட்சிக் கட்டடத்துக்கு இணையக் கேபிள் வந்தபோது, அதற்காகத் தோண்டிய குழியில் கால் பிசகி விழுந்த பால்காரர்தான் அதைப் பற்றி ஊரில் முதன்முதலாகக் கருத்துச் சொன்னவர். "ஊருக்குள்ள ஒயர் வந்துருச்சுங்க, ஒயருக்குள்ளதான் இன்னும் ஒண்ணும் வல்லீங்" என்றார். ஏழெட்டு மாதம் அவர் வாக்குப் பலித்தது. பிறகு ஒருநாள் சுவரில் மாட்டியிருந்த டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது. நாட்டில் உள்ள எல்லா ஊராட்சிக்கும் இணையம் கொண்டுபோகிற மத்திய அரசின் திட்டம் எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

கட்டடத்தின் ஓரத்து அறையில் இ-சேவை மையம் வைத்துக்கொள்ள எனக்கு அனுமதி கிடைத்தது. நான் பத்தாவதோடு நின்றவள். கம்ப்யூட்டரைத் திருச்செங்கோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தபோது, மற்றவர்கள் தட்டுவதைப் பார்த்துப் பார்த்து நானாகப் பழகியதுதான். மையத்துக்கு வருகிறவர்கள் சொல்கிற பேச்சுகளை ஒரு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம். விரல்ரேகை பதியாத ஒரு பெரியவர், "மம்பட்டியே தேஞ்சு போச்சுங்க, அதப் புடிச்ச கையில ரேகை எந்த மூலைக்கு" என்றார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் ஒரு அக்கா, "உங்க செக்குமாடு இன்னும் எண்ணெய் குடுக்கலீங்களா" என்பார். இப்படி நோட்டில் நிறைய உண்டு. ஆனால் இப்போது சொல்லப்போகிற நாளில் நான் அதைத் தொடவே இல்லை.

மதியம் மூன்றரை இருக்கும். எங்கள் தெற்குத் தெருவிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். அந்தப் பெண்ணைக் குழந்தையிலிருந்தே எனக்குத் தெரியும். பன்னிரண்டாவது முடித்து, நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்து, சேலத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அந்த இடம் வேண்டும் என்று அவள் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். கடைசி நாள் அன்று. கடைசி நேரம் ஐந்து மணி. தவறினால் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

"ஏன் சாமி, நேத்தே வரக்கூடாதா?" என்றேன்.

"நேத்து வரைக்கும் சேலத்துல தங்கிப் படிக்கறதுக்கு எங்கப்பாரு ஒத்துக்கலீங்க" என்றாள் பெண். "இன்னைக்குச் சோறு தின்னுபோட்டுதான் சரின்னாரு."

"சொன்னதோட வண்டிய எடுத்து எங்கள ஏத்திக் கூட்டியாந்துட்டாருங்க்கா" என்றார் தாய். "வெளிய வேப்பமரத்தடியில நிக்கறாரு. உள்ள வான்னா வர மாட்டேங்கறாரு."

நான் சேர்க்கைக்கான இணையப் பக்கத்தைத் திறந்தேன். அவள் ஆதார் எண்ணைப் போட்டேன். அதில் பதிவாகியிருக்கும் செல்லுக்கு ஓடிபி, அதாவது ஆறு இலக்க எண் ஒன்று, குறுஞ்செய்தியாகப் போகும். அதைப் போட்டால் உறுதி ஆகிவிடும். ஐந்து நிமிட வேலை. எண்ணை அனுப்பு என்பதைத் தட்டிவிட்டுத் தாயின் செல்லைப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. வெளியே போய் மரத்தடியில் நின்றவரின் செல்லையும் பெண் பார்த்துவிட்டு வந்தாள். அதிலும் இல்லை.

திரையில், எண் அனுப்பப்பட்ட செல்லின் கடைசி நான்கு இலக்கம் தெரிந்தது. உரக்கப் படித்தேன். தாயின் முகம் மாறியது.

"அது லாரி நம்பருங்க்கா."

அவர் சொன்னதும் எனக்கு நினைவு வந்தது. அந்த எண்ணைப் போட்டவளே நான்தான்.

பத்து வருடத்துக்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் ஆதார் முகாம் நடந்தபோது படிவம் எழுதிக் கொடுக்கிற வேலைக்குப் போயிருந்தேன். செல் எண் என்று கேட்டால் பெண்கள் விழிப்பார்கள். அவர்களிடம் செல் கிடையாது. வீட்டுக்காரர்கள் லாரி ஏறிப் போயிருப்பார்கள். இந்தத் தாய் அன்றைக்கு வெளியே நின்ற தன் வீட்டு லாரியைக் காட்டினார். அதன் கதவில் பெரிய எழுத்தில் செல் எண் எழுதியிருந்தது. எங்கள் பக்கத்து லாரிகளில் அதுதான் வழக்கம். லோடு பிடித்துக் கொடுக்கிறவர்கள் கூப்பிடுவதற்காக எழுதுவார்கள். நான் ஜன்னல் வழியாகவே அதைப் பார்த்துக் குழந்தையின் படிவத்தில் எழுதினேன். அன்றைக்கு அது எனக்குக் கெட்டிக்காரத்தனமாகக்கூடத் தோன்றியது.

எங்கள் ஊர்களில் லாரியை விற்றால் அந்தச் செல் எண்ணின் சிம் கார்டும் லாரியோடு போகும். லோடு பிடித்துக் கொடுக்கிற புக்கிங் ஆபீஸ்களில் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிற எண்ணை மாற்றினால் வாங்குகிறவருக்கு லோடு வராது. இவர்கள் லாரியைப் போன வருடத்துக்கு முந்திய வருடம் விற்றிருந்தார்கள். வீட்டுக்காரருக்குச் சர்க்கரையில் ஒரு கண் மங்கிவிட்டது. வாங்கியவர் சங்ககிரிக்காரர், அவரே ஓட்டுகிறவர். விற்ற நாளிலிருந்து வீட்டுக்காரர் அந்த லாரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை என்று தாய் சொல்லியிருக்கிறார். அது எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வாராம்.

எண்ணை மாற்ற வேண்டுமானால் நகரத்து ஆதார் மையத்துக்குப் போக வேண்டும். போனாலும் மாறுவதற்குச் சில நாள் ஆகும். கைரேகை வைக்கிற வழி அந்த இணையப் பக்கத்தில் கிடையாது. மணி நான்கு ஆகிவிட்டது.

"கூப்புடுங்க அந்த நம்பர" என்றேன் தாயிடம்.

முதல் தடவை மணி அடித்து அடித்து நின்றது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை எடுத்தார்கள். என்ஜின் சத்தம். நான் செல்லை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, கையோடு கையாக ஓடிபியை இரண்டாம் முறையும் அனுப்பிவிட்டேன். அவசரத்தில் செய்த முட்டாள்தனம் அது.

"அண்ணா, வணக்கமுங்க. நாங்க இ-சேவை மையத்துலிருந்து பேசறமுங்க. உங்க செல்லுக்கு இப்ப ஒரு ஓடிபி வந்துருக்கும்..."

"வெய்யி போன" என்று கட்டைக் குரல் ஒன்று சொன்னது. இணைப்பு அறுந்தது.

மறுபடி கூப்பிட்டோம். "ஏம்மா, உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலயா? என்ற மச்சான் இப்பிடித்தான் ஒரு பொம்பள பேச்சக் கேட்டு நம்பரச் சொல்லி, ஒரு ராத்திரி பூரா தலையில கையை வெச்சு உக்காந்திருந்தான். நான் அந்தக் கூட்டத்துல இல்ல."

"அண்ணா, இந்த லாரிய உங்களுக்கு வித்தவங்க ஊட்டுப் புள்ளைக்குத்தானுங்க..."

"வித்தவரு பேருகூடக் கண்டுபுடிச்சு வெச்சிருப்பீங்க. வெய்யி."

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் இல்லை. யார் கேட்டாலும் ஓடிபியைச் சொல்லாதீர்கள் என்று இதே அறையில் எத்தனை பேருக்கு எத்தனை தடவை பாடம் எடுத்திருப்பேன். அந்த மனிதர் என் பாடத்தைத்தான் எனக்குத் திருப்பிச் சொன்னார்.

அப்போதுதான் திரையில் சிறிய எழுத்தில் இருந்த வரியைப் படித்தேன். மூன்று முறைதான் எண் அனுப்பலாம். அதற்குமேல் ஒரு நாள் பூட்டிக்கொள்ளும். இரண்டைத் தீர்த்துவிட்டேன்.

இதைச் சொல்லாமல் மறைக்க முடியாது. சொன்னேன். பெண் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தாய் எழுந்து வெளியே போனார். மரத்தடியில் அவர்கள் பேசுவது காதில் விழுந்தது.

"நீங்க ஒருக்காப் பேசுனாத்தான் அவரு நம்புவாரு."

"நான் என்னன்னு பேசறது அவங்கிட்ட?"

"உங்க வண்டியப் பத்திப் பேசச் சொல்லல. உங்க புள்ளையப் பத்திப் பேசுங்க."

செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவர் உள்ளே வந்து, நாற்காலியைக் காட்டியும் உட்காராமல், செல்லை வாங்கிக்கொண்டார். மணி நான்கு இருபத்தெட்டு.

இந்தத் தடவை அடித்த உடனே எடுத்தார்கள். திட்டத்தான் எடுத்திருப்பார்.

"நாந்தானுங்க" என்றார் இவர். காதைச் செல்லோடு ஒட்டிவைத்துக்கொண்டார். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. என்ஜின் உறுமுகிற சத்தம், நடுநடுவே புஸ் புஸ் என்று காற்று பிரேக்.

"வண்டி எங்க வருது?" என்றார்.

"தொப்பூர் எறக்கமுங்க. யாருங்க பேசறது? வித்த அண்ணனுங்களா?"

"லோடு?"

"முழு லோடுங்க."

"போன வெய்யி" என்றார் இவர். "எறக்கத்துல பேசாத. கீழ போயி ஓரங்கட்டீட்டுக் கூப்புடு." சொன்ன கையோடு இணைப்பை அவரே துண்டித்துவிட்டார்.

தாய்தான் முதலில் பேசினார்.

"அடப் பாவி மனுசா. இத்தன நேரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கெடச்சுது, அதையும் வெச்சுப்போட்டீங்களே. அவரு திரும்பக் கூப்புடலீன்னா?"

"கூப்புடுவான்."

"எப்பிடிச் சொல்றீங்க?"

அவர் செல்லை மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றார். தொப்பூர் கணவாயில் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சரிவில் பாரத்தோடு வருகிற வண்டியைப் பிடித்து நிறுத்துவதே ஒரு பாடு. வாரம் தவறாமல் ஏதாவது ஒரு விபத்துச் செய்தி அங்கிருந்து வரும். அந்த இடத்தில் இறங்கிக்கொண்டிருந்தவரைத்தான் நான் மூன்று முறை செல்லை எடுக்க வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கும் இவர்மேல் ஆத்திரமாகத்தான் இருந்தது.

நான்கு முப்பத்தைந்து. நாற்பது. ஒரு செல் மணி அடித்தது. எல்லாரும் துள்ளினோம். அது என்னுடையது. வாரிசுச் சான்றிதழ் ஆகிவிட்டதா என்று யாரோ கேட்டார்கள். நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி வைத்தேன். பக்கம் நேரமாகி வெளியே தள்ளிவிடாமல் இருக்க அவ்வப்போது சுட்டியை அசைத்துக்கொண்டே இருந்தேன். சுவரில் இருந்த டப்பாவின் பச்சை விளக்கையும் பார்த்துக்கொண்டேன். மின்சாரம் போகாமல் இருக்க வேண்டுமே என்று வேறு பயம்.

"நீங்களே கூப்புடுங்கப்பா" என்றாள் பெண்.

"இப்பக் கூப்புட்டா எடுப்பான் சாமி. எடுக்கக் கூடாது."

நாற்பத்தி நான்கு. தாய் வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பினார். நாற்பத்தேழு. பெண் தன் மதிப்பெண் சான்றிதழ் இருந்த பையை மூடி, ஜிப்பை இழுத்துவிட்டாள். இதற்குமேல் ஒன்றும் இல்லை என்று அவள் முடிவு செய்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

நாற்பத்தொன்பதில் தாயின் செல் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஓரங்கட்டீட்டனுங்ணா" என்றது கட்டைக் குரல். என்ஜின் சத்தம் இல்லை. "என்னமோ நம்பர் வேணும்னாங்களே, என்னன்னு சொல்லுங்."

"நம்பிக்கை வந்துருச்சுங்களா?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏமாத்தறவன் போன வெய்யின்னு சொல்ல மாட்டானுங்க்கா. அவனுக்கு நான் உருண்டா என்ன, பொரண்டா என்ன."

மூன்றாவது முறை தட்டினேன். கடைசி. "வந்துருச்சுங்களா?"

"இல்லீங்."

செல்லில் மூச்சுக் காற்று மட்டும் கேட்டது. லாரி ஒன்று அவரைக் கடந்து போனது. இன்னொன்று போனது.

"இன்னும் வல்லீங். டவர் ஒத்தக் கோடுதான் காட்டுது."

"எறங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லு" என்றார் இவர். "டீக்கடைத் தகரத்துக்கு முன்னால நின்னா எடுக்கும். நான் அங்கதான் நிப்பேன்."

கதவு திறக்கும் சத்தம், சரளைக் கல்மேல் நடக்கும் சத்தம். ஐம்பத்து மூன்று. ஐம்பத்து நான்கு. "ஆங், வந்துருச்சு" என்றார். பழைய ஓடிபி இரண்டும் அதோடு சேர்ந்து இருந்தது. எது புதியது என்று அவருக்குக் குழப்பம். "கடைசியா வந்தத மட்டும் சொல்லுங்க" என்றேன். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். இவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். நான் தட்டினேன். என் விரல் ஐந்தாவது இலக்கத்தில் தவறி, அழித்து மறுபடி போட்டேன்.

வட்டம் சுற்றியது. சுற்றியது. பெண் கண்ணை மூடிக்கொண்டாள். உறுதி செய்யப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தபோது மணி நான்கு ஐம்பத்தாறு. பெண் அம்மாவின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அவள் அப்பா செல்லை வைக்கவில்லை. ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லி என்னிடம் நீட்டி, அணைத்ததும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். "இப்பவும் மூணாவது கியர் தட்டுதா?" என்று கேட்பது மட்டும் காதில் விழுந்தது.

நான் உறுதிசெய்த தாளை அச்சிட்டேன். அதைத் தாயிடம் கொடுக்கும்போது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அந்த நம்பர அன்னைக்கு எழுதுனது நாந்தானுங்க. கதவப் பாத்து எழுதுனேன்."

"தெரியுமுங்க்கா. காட்டுனது நானு."

"உங்க புள்ளைக்கு மட்டுமில்லீங்க. அன்னைக்கு வெளிய நாலஞ்சு லாரி நின்னுச்சு. எத்தன பேருக்கு அப்பிடி எழுதுனேன்னு எனக்கு ஞாபகமில்லீங்க."

"எங்க தெருவுல யாரு யாரு லாரிய வித்தாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் தாய். "காலையில வாங்க, ஒட்டுக்காப் போயிக் கேக்கலாம். இப்ப இந்தத் தாளு இன்னொண்ணு அடிங்க. இவங்கப்பாரு பத்தரமா வெச்சுக்குவாரு."

மறுபடி அச்சிட்டேன். வெளியே அவர் பேசிக்கொண்டிருந்தார். தாயும் மகளும் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். அவர் ஒரு கையை உயர்த்தி, இருங்கள் என்று காட்டினார்.